பெரிய மாப்பிள்ளையும் ஓடுகிறார்

இடுப்புப் பைக்குள் ரத்தினவேலு இருக்கிறான். நாலாக மடித்து, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் போனுக்கும் இரண்டு பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறேன். ஆள் இத்தனை சின்னதாக, இத்தனை அமைதியாக எப்போதும் இருந்ததில்லை. அது அவனுடைய மாரத்தான் நம்பர் எழுதிய தாள். அதன் முதுகில் ஒரு சிப் ஒட்டியிருக்கிறது. ரோட்டில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் ரப்பர் பாய் விரித்து வைத்திருக்கிறார்கள், அதை மிதித்தால் பாய் கீச்சென்று கத்துகிறது, இங்கே அது கத்தினால் விருதுநகரில் என் மாமனார் வீட்டு டிவியில் ஒரு புள்ளி நகரும். இரண்டு புள்ளி. ஒன்று தனுஷ்கோடி, அதாவது நான், சின்ன மாப்பிள்ளை. இன்னொன்று ரத்தினவேலு, பெரிய மாப்பிள்ளை, என் சகலை. இரண்டு புள்ளியையும் நகர்த்துவது என்னுடைய ஒரு ஜோடிக் கால். ரத்தினவேலு இந்நேரம் ஓட்டல் கக்கூஸில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நான் ரோமாபுரியின் நடுத்தெருவில் இரண்டு பேருக்காக ஓடிக்கொண்டிருக்கிறேன். தெருவா இது, பூராவும் கல், உள்ளங்கை அகலத்தில் கறுப்புக் கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இல்லை, ஒவ்வொன்றும் பாதத்தை ஒவ்வொரு பக்கம் திருப்புகிறது. எந்த ராஜாவின் தேருக்குப் போட்டதோ, என்னை மாதிரி கரன்ட் ஆபீஸ் உத்தியோகஸ்தன் முழங்காலுக்குப் போட்டதில்லை. இரண்டு பக்கமும் ஜனம் நின்று பிராவோ, பிராவோ என்று கத்துகிறது. ஒரு கிழவர் என் வயிற்றில் குத்தியிருக்கிற நம்பர் தாளில் பேரைப் படிக்கப் பார்க்கிறார், தனுஸ்... தனுஸ்கோ... என்று பாதியில் விட்டுவிட்டுக் கையைத் தட்டுகிறார். பரவாயில்லை பெரியவரே, எங்கள் ஊரிலும் அப்படித்தான், என் பேரை யாரும் கடைசிவரை சொன்னதில்லை, சின்ன மாப்பிள்ளை என்றால் போதும்.

வயதில் எனக்கு நாலு வருஷம் இளையவனை அண்ணே என்று கூப்பிட வேண்டிய விதி எவனுக்கும் வரக்கூடாது. எனக்கு வந்தது. அக்காளைக் கட்டியவன் அண்ணன், தங்கச்சியைக் கட்டியவன் தம்பி, அவன் பிறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் பலப்பம் தின்றுகொண்டிருந்தேன் என்பதெல்லாம் கணக்கில் சேராது. என் கல்யாணத்தன்று மேடையில் மாமனார் பரமானந்தம் என் முதுகில் கை வைத்து மெதுவாக அழுத்தினார், பெரிய மாப்பிள்ளை கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கங்க மாப்ள என்றார். இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, காதோரம் நரைத்த பிறகு மணவறைக்கு வந்தவன் நான். எதிரே புதுவேட்டியும் முறுக்கின மீசையுமாக இந்தப் பயல். விழுந்தேன். அவன் பாதத்தில் நகச்சுத்தி வந்து ஒரு விரல் வீங்கியிருந்தது, அது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நல்லா இருங்க தம்பி என்றான். தம்பி! கூடியிருந்த ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை, அதுதான் எனக்கு எரிந்தது, எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. அன்றிலிருந்து பந்தியில் முதல் இலை அவனுக்கு, காரில் முன் சீட் அவனுக்கு, தலைக்கறி சமைத்தால் மூளை அவனுக்கு. தேவைப்படுகிறவனுக்குத்தானே கொடுக்கிறார்கள் என்று நினைத்து மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். மனசுக்குள் மட்டும்தான் அவன், வாய்க்கு வந்தால் அவர். இப்போது மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்கும்போது மரியாதை எல்லாம் தன்னால் உதிர்ந்துவிடுகிறது, ரத்தினவேலுப் பயல், ரத்தினவேலுப் பயல், ஒரு காலுக்கு ரத்தின, மறு காலுக்கு வேலு, ஓடுவதற்கு நல்ல தாளமாகத்தான் இருக்கிறது.

ஓட்டம் என்னுடையது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் சர்க்கரை என்று சொல்லி நடக்கச் சொன்னார், நடந்தேன், காலேஜ் கிரவுண்டில் விடியும் முன்னே யாரும் இல்லாத நேரத்தில் நடந்து நடந்து ஒரு நாள் கால் தானாக ஓடியது. ஐம்பதை நெருங்குகிற வயதில் என் உடம்பு எனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தது. யாருக்கு அண்ணன், யாருக்குத் தம்பி என்ற கேள்வியே இல்லாத ஒரு மணி நேரம் அது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் முதுகுக்குப் பின்னால் தொப் தொப்பென்று காலடி, என்ன தம்பி, தனியா ஓடிக்கிட்டு இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல. மங்கைதான் அக்காளிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி மங்கையர்க்கரசியின் வாயில் எதுவும் தங்காது, அவள் அக்காள் செண்பகவல்லியின் காதில் எதுவும் விழாமல் போகாது. மழைக்காலம் முடிவதற்குள் அது ஒரு குழுவாகிவிட்டது, ஒரே கலர் பனியன், வாட்ஸப், மாதாந்தரக் கூட்டம், தலைவர் ரத்தினவேலு, டைல்ஸ் கடை முதலாளி. எனக்குத் தண்ணீர் பாட்டில் பொறுப்பு. நான் அவனைவிட வேகமாக ஓடுவேன். எல்லோருக்கும் தெரியும். மச்சானுக்கு ஒரு அடி பின்னாலயே வாங்களேன், நாலு பேர் பாக்குறாங்கல்ல, அக்கா சங்கடப்படுவா என்று மங்கை சொன்னாள். ஒரு அடி பின்னால் ஓடிப் பாருங்கள். முன்னால் போகிறவனின் முதுகு வியர்வை காற்றில் பறந்து வந்து முகத்தில் படும். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தில் படுவது அதுதான்.

ரோம் அவன் யோசனை. மாமனாருக்கு எழுபத்தைந்து வயது நிறைகிற அதே ஞாயிற்றுக்கிழமை இங்கே மாரத்தான், மாமாவுக்காக ரெண்டு மருமகனும் ரோம்ல ஓடுறோம் என்று அறிவித்தான். தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார்கள். அதில் அவன் ஆளுயரத்தில் ஓடுகிறான், பின்னால் அந்த இடிந்த வட்டக் கட்டடம். கீழே ஒரு மூலையில், ரேஷன் கார்டில் இருக்கிற அளவுக்கு, வட்டத்துக்குள் என் தலை. பனியனும் அவன் அடித்ததுதான், நெஞ்சில் மாமாவின் படம், கண்ணாடி மீசையோடு. அச்சடித்த சாயம் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போய் முதல் பத்து கிலோமீட்டரிலேயே என் மார்க்காம்பை உரசத் தொடங்கிவிட்டது. மாமாவின் மூக்குக்கண்ணாடி ஒவ்வொரு அடிக்கும் என்னை அறுக்கிறது. அங்கே இந்நேரம் மத்தியானம். முற்றத்தில் பந்தி போட்டிருப்பார்கள், மாமா சால்வையோடு உட்கார்ந்திருப்பார், டிவிக்கு எதிரே சொந்தம் பூராவும் இலையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். ரெண்டு புள்ளியும் ஒட்டிக்கிட்டே போகுது பாருங்க, அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும் என்று யாராவது சொல்வார்கள். பெரியவர் இழுத்துக்கிட்டுப் போறாரு, சின்னவர் தொத்திக்கிட்டுப் போறாரு. கட்டாயம் சொல்லியிருப்பார்கள். நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதற்கு எனக்குச் சாட்சி தேவையில்லை.

எல்லாம் அந்தப் புளியோதரை செய்த வேலை. அத்தை பெரிய மாப்பிள்ளைக்கென்று தனியாகக் கிளறியது, நல்லெண்ணெய் மிதக்க, முந்திரி போட்டு, வாழை இலையில் கட்டி, அதற்கு மேல் வெள்ளித்தாள் சுற்றிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பாட்டில் பருப்புப்பொடி. புளியோதரை எத்தனை நாளானாலும் கெடாது என்பது எங்கள் பக்கத்து வேதவாக்கு, அதைச் சொன்னவர்கள் யாரும் வெளிநாட்டு ஓட்டல் ஹீட்டரைப் பார்த்ததில்லை. இவனுக்குக் குளிர் ஆகாது. அறையை அவித்து வைத்திருந்தான். சோற்றுப் பொட்டலத்தை அந்த ஹீட்டர் மேலேயே கொண்டுபோய் வைத்தான், சூடா இருந்தாத்தான் தம்பி நமக்கு இறங்கும் என்றான். வந்த நாளிலிருந்து அது அங்கேயே அடைகாத்துக்கொண்டிருந்தது. ஓடுவதற்கு முந்தின நாள் சோறு நிறையச் சாப்பிட வேண்டும், அது எல்லா ஓட்டக்காரனுக்கும் தெரிந்த விஷயம். இங்கே உள்ளவன் மாவில் செய்த குழாயும் நூலுமாக அவித்துத் தின்கிறான். நானும் எதிர்க்கடையில் அதைத்தான் தின்றேன், தக்காளிச் சாறு ஊற்றின சேமியா, உப்பில்லை, உறைப்பில்லை, வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. இவனோ, எச்சில் பட்ட தட்டுல எவன் சாப்பிடுவான் என்று சொல்லிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு நெடி வந்தது. எனக்கு வந்தது. சோற்றை உருட்டும்போது ஒரு பருக்கைக்கும் இன்னொரு பருக்கைக்கும் நடுவில் நூல் இழுத்தது. அண்ணே என்று வாயெடுத்தேன். அவன் நிமிர்ந்து, என்ன தம்பி, வேணுமா, அத்தை எனக்குன்னு குடுத்தது, ஒரு கை எடுத்துக்கங்க என்றான். வேண்டாம்ணே, நீங்க சாப்பிடுங்க என்றேன். முழுசாகச் சாப்பிட்டான். இலையை வழித்தான். மாப்பிள்ளை மரியாதை வயிற்றுக்குள் போவதை நான் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

விடியற்காலம் கக்கூஸ் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். தம்பி, இருக்கீங்களா, கிளம்பிட்டீங்களா. இருக்கேன்ணே. முடியல தம்பி, உள்ள இருக்கிறது பூரா போயிருச்சு, நிக்க முடியல. டாக்டரைக் கூப்பிடவாண்ணே என்றேன், குரலில் கவலை சரியான அளவுக்கு இருந்தது. டாக்டரை விடுங்க, ஊரே டிவி முன்னாடி உக்காந்திருக்கு, பிளக்ஸ் வச்சிருக்கு, நான் ஓடலேன்னா மாமா மூஞ்சிய எங்க கொண்டு போய் வப்பாரு. கதவு கொஞ்சம் திறந்தது, ஒரு கை மட்டும் வெளியே வந்தது, கையில் நம்பர் தாள். இதையும் கொண்டு போயிருங்க தம்பி, பைக்குள்ள வச்சாலே போதுமாம், பாய் எடுத்துக்குமாம். நாலரை மணி நேரத்துக்குள்ள முடிப்பேன்னு குரூப்ல போட்டிருக்கேன், பாத்து ஓடுங்க. சரிண்ணே என்றேன். கை உள்ளே போகவில்லை. இன்னொண்ணு தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, கடைசிக் கோட்டுக்கிட்ட போனதும் என் நம்பரைக் கையில எடுத்து முன்னால நீட்டிக்கிட்டுத் தாண்டுங்க, ஒரு செகண்டாவது நான் முந்துன மாதிரி வரட்டும், பெரிய மாப்பிள்ளை பின்னால வந்தா பாக்குறவங்களுக்கு நல்லாவா இருக்கும். அந்த நிலைமையிலும் யோசித்திருக்கிறான். குடல் காலியானாலும் கௌரவம் காலியாகவில்லை. சரிண்ணே என்றேன். எனக்கு வேறு வார்த்தையே தெரியாது போலிருக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சரிண்ணே சரிண்ணே என்று இத்தனை வருஷமும் அதே இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறது.

ஆறு வருகிறது. டைபர். கலங்கல் தண்ணீர், கரை உயரமாகக் கட்டி அடைத்துப் போட்டிருக்கிறார்கள், ஆறு பள்ளத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் போகிறது. பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் கல்லில் சிறகு முளைத்த ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஓட வேண்டாம், நின்றால் போதும். வலது தொடையில் என்னவோ இழுக்கிறது. கெண்டைக்கால் இல்லை, அதற்கு மேலே, எலும்பை ஒட்டி. இழுத்தால் போச்சு. போன மாதம் கிரவுண்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இப்படித்தான் தொடையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. தொடைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம், ஆனாலும் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது, மாமாவின் முகத்தைத் தொடுகிறது, ஈரம், விரலில் சிவப்பு. மார்க்காம்பு கிழிந்துவிட்டது. நெஞ்சு நின்றுபோய் இங்கே விழுந்தால் என்ன ஆகும்? இரண்டு புள்ளியும் ஒரே இடத்தில் நிற்கும். ஐயோ பெரிய மாப்பிள்ளைக்கு என்னாச்சு என்பார்கள். என் பிணத்தின் மேல்கூட அவன் புள்ளிதான் பெரிதாகத் தெரியும். அப்போது மங்கையாவது, அவளாவது முதலில் என் பேரைச் சொல்வாளா என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம். முப்பதாவது கிலோமீட்டர் பாய் வந்தது. கீச், கீச். இரண்டு தடவை. முதலில் கத்தியது யாருடையது என்று தெரியவில்லை, அவனுடையதாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது, அந்த நினைப்பு எனக்கு வந்ததுதான் தப்பாகப் போயிற்று.

தண்ணீர் கொடுக்கிற இடம். நீளமான மேசை, ஆரஞ்சுச் சுளை, வாழைப்பழத் துண்டு, நனைத்த பஞ்சு. அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி. ஒரு பாட்டிலை எடுத்தேன். கழுத்தில் பஞ்சைப் பிழிந்தேன், குளிர் முதுகெலும்பு வழியாக இறங்கிச் செருப்படி மாதிரி என்னை எழுப்பியது. பஞ்சைப் போடத்தான் தொட்டிக்குப் போனேன், சத்தியமாக அதற்குத்தான். கை இடுப்புப் பைக்குப் போனது. பிளாஸ்டிக் உறை வியர்வையில் வழுக்கியது. ரத்தினவேலு என்று கொட்டை எழுத்தில் பேர், அதற்குப் பக்கத்தில் கொடி. ஆரஞ்சுத் தோலுக்கும் எச்சில் பஞ்சுக்கும் நடுவில் போட்டேன். எச்சில் பட்ட தட்டில் சாப்பிடாதவன், இருக்கட்டும் அங்கே. எவன் கடித்த ஆரஞ்சோ அவன் பேர் மேல் கிடந்தது. ஆற்றில் போட்டிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும், அந்தக் கௌரவமும் அவனுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று சொல்லி முடியாது. அவன் ஊருக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ஏன் நின்றது உங்கள் புள்ளி என்று கேட்டால் என்ன சொல்வான், கக்கூஸில் இருந்தேன் என்றா? போனை எடுத்தால் ஓடவில்லை என்று ஆகிவிடும், எடுக்காவிட்டால் செத்தான் என்று ஆகிவிடும். இதற்கு அவன் மூளை பத்தாது, எத்தனை தலைக்கறி தின்றிருந்தாலும்.

எடை குறைந்துவிட்டது. ஒரு தாள் என்ன எடை, ஆனால் குறைந்துவிட்டது. தொடை இழுப்பதை விட்டுவிட்டது. கல் அதே கல்தான், இப்போது அது காலை மேலே தள்ளிவிடுகிறது. முன்னால் ஒரு முதுகும் என்னை மறைக்கவில்லை, இருக்கிற முதுகெல்லாம் எனக்குத் தெரியாத முதுகு, அதை முந்தலாம், முந்தினால் யார் அக்காளும் சங்கடப்பட மாட்டாள். அடுத்த பாய் வந்தது. கீச். ஒரே ஒரு தடவை. இப்போது விருதுநகரில் ஒரு புள்ளி நகர்ந்திருக்கும், ஒன்று நின்றிருக்கும். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், இலையில் பாயசம் ஆறினாலும் பரவாயில்லை. சின்னவர் முன்னால போயிட்டாரே என்று எவனாவது ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பானா? மாமா சால்வையைச் சரிபண்ணிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மங்கை, அடியே மங்கை, நீ என்ன செய்கிறாய், சிரிக்கிறாயா, சிரிப்பை முந்தானையால் மறைக்கிறாயா? இடுப்பில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கூப்பிடுகிறார்கள்! ஓடுகிறவனால் எடுக்க முடியாது என்று தெரிந்தும் சந்தோஷம் தாங்காமல் கூப்பிடுகிறார்கள். எடுக்கவில்லை. அதிரட்டும், இடுப்பெலும்பில் அந்த அதிர்வு நாதஸ்வரக் கச்சேரி மாதிரி இருக்கிறது. என் கல்யாணத்தில்கூட மேளக்காரர்கள் அவன் வரும்போதுதான் நிமிர்ந்து வாசித்தார்கள், இது எனக்கு மட்டும்.

திருப்பத்தில் ஒருத்தன் கிடந்தான். நீலப் பனியன், தலை வழுக்கை, இந்த ஊர்க்காரன்தான், நாற்பத்தைந்து இருக்கும், கல்லின் மேல் ஒருக்களித்து, ஒரு கால் மட்டும் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் மண்டியிட்டு அவன் தலையை மடியில் வைத்திருந்தாள், அவளும் ஓட வந்தவள்தான், நம்பர் குத்தியிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் பாட்டில் இருப்பதைப் பார்த்தாள். ஆக்வா, ஆக்வா என்று கை நீட்டினாள். தண்ணீர் என்று அர்த்தம், எனக்குத் தெரியும், இந்த ஊருக்கு வந்து நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தையே அதுதான். பாட்டிலில் பாதி இருந்தது. நிற்க வேண்டும், குனிய வேண்டும், குனிந்தால் தொடை பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டால் நாலரை போய்விடும், என் வாழ்நாளில் என் பேரில் வரப்போகிற ஒரே ஒரு நாலரை. பின்னால் ஆயிரம் பேர் வருகிறார்கள், எவனாவது கொடுப்பான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன், அங்கே ஒரு தேவாலயத்தின் கதவு இருந்தது, அதில் வேலைப்பாடு நன்றாக இருந்தது. அவள் என்னவோ கத்தினாள், திட்டாகத்தான் இருக்கும், பாஷை தெரியாமல் இருப்பதில் உள்ள சௌகரியம். கொஞ்ச தூரம் போய்ப் பாட்டிலைத் திறந்து குடித்தேன். போன் மறுபடி அதிர்ந்தது, நான் கடைசிக் கோட்டை நினைத்துக்கொண்டேன்.

கோட்டைத் தாண்டியபோது எதையும் முன்னால் நீட்டவில்லை, நெஞ்சைத்தான் நீட்டினேன். நாலரைக்குள் வந்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளை என் கழுத்தில் மெடலை மாட்டி, என் பனியனைப் பார்த்துவிட்டுக் கையை வாயில் வைத்தாள். குனிந்து பார்த்தேன், மாமாவின் இரண்டு கன்னத்திலும் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. வெள்ளித்தாள் போர்வை ஒன்றைச் சுற்றிவிட்டார்கள். அந்த இடிந்த வட்டக் கட்டடம் பக்கத்திலேயே நின்றது. பிளக்ஸில் அவன் பின்னால் இருந்தது இப்போது என் பின்னால் இருந்தது, படம் எடுக்க ஆள்தான் இல்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தேன். திரை பூராவும் மங்கை, மங்கை, மாமா வீடு, மங்கை. கையில் இருக்கும்போதே மறுபடி அடித்தது. முடிச்சிட்டேன் மங்கை, பாத்தியா, என்று ஆரம்பித்தேன். "என்ன மனுசன் நீங்க?" என்றாள். அழுதிருந்தாள். "என்னடி?" "மச்சான் கீழ விழுந்து கெடக்குறாரு, திரும்பிப் பாத்துட்டு ஓடியிருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசனா?" ஒரு நொடி அந்த நீலப் பனியன்காரன் கண் முன்னால் வந்து போனான், இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நெஞ்சு திடுக்கென்றது. பிறகுதான் புரிந்தது. "அவன் எங்கடி விழுந்தான், அவன் ரூம்லதான் இருக்கான், காலையில இருந்து வயித்தால போயிட்டு..." "வாயைக் கழுவுங்க! மச்சானே பேசிட்டாரு. அக்கா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருச்சு, பத்துத் தடவ அடிச்சப்புறம் எடுத்தாரு, பேச்சே வரல மனுசனுக்கு. கால் இழுத்துக் கல்லுல விழுந்துட்டாராம், யாரோ வண்டி வச்சு ஓட்டல்ல கொண்டாந்து விட்டாங்களாம். தம்பியத் திட்டாதீங்க, அவருக்கும் ஒரு ஆசை இருக்கும்ல, போகட்டும்னு நாந்தான் சொன்னேன்னாரு. அந்த நெலமையிலயும் உங்களை விட்டுக் குடுக்கல." "மங்கை, நான் சொல்றதைக் கேளு, அவன் ஓடவே இல்ல, அவன் நம்பரையும் நாந்தான்..." "நாங்க என்ன குருடா? முப்பது கிலோமீட்டர் வரைக்கும் ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே வந்தீங்க, எல்லாரும் கையத் தட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தோம். அதுக்கப்புறம் அவரு நின்னுட்டாரு, நீங்க போறீங்க, அதுவும் முன்னைவிட வேகமா. அப்பா பாத்துக்கிட்டே இருந்தாரு. பாதி எலையில எந்திரிச்சுக் கை கழுவிட்டாரு, பொறந்த நாளும் அதுவுமா." மாமாவிடம் குடு என்றேன். போன் கை மாறிற்று. டிவி சத்தம் கேட்டது, பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. முடிச்சிட்டீங்களா மாப்ள, என்றார். முடிச்சிட்டேன் மாமா, நான் வந்து... சந்தோசம், என்றார். வைத்துவிட்டார்.

உட்கார்ந்தே இருந்தேன். என் கால்தான் சாட்சி சொல்லியிருக்கிறது. முப்பது கிலோமீட்டர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவன் ஓடினான் என்று நானே ஊரைக் கூட்டி நிரூபித்துவிட்டு, அப்புறம் அவனைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். இனி உண்மையைச் சொன்னால் அது பொய். இனி ஒவ்வொரு கல்யாணத்திலும், காதுகுத்திலும், இழவு வீட்டிலும் நான் உள்ளே வரும்போது பேச்சு ஒரு கணம் நிற்கும், இவருதான் அவரு என்று யாராவது யாருக்காவது கண்ணால் காட்டுவார்கள். நீலப் பனியன்காரன் எழுந்தானா என்று தெரியவில்லை. அவனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. போன் அடித்தது. ரத்தினவேலு. "என்ன தம்பி, முடிச்சாச்சா?" குரலில் ஒரு கோபமும் இல்லை. "எங்க போட்டீங்க?" வெள்ளித்தாள் போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டேன். "சரி விடுங்க, ஆனது ஆயிப்போச்சு. நானும் யோசிச்சுப் பாத்தேன், ஓடி முடிக்கிறதைவிட விழுந்ததுக்குத்தான் மரியாதை சாஸ்தி, மாமா போன்லயே கண் கலங்கிட்டாரு. வர்ற வழியில மருந்துக் கடை இருந்தா வயித்துக்கு மாத்திரை வாங்கிட்டு வாங்க. அப்புறம் முட்டிக்கு மாட்டுற உறை இருக்கும்ல, அது ஒண்ணு. நாளைக்கு மதுரைல இறங்குறப்ப வீடே ஏர்போர்ட்டுக்கு வந்து நிக்கும், உங்க தோள்ல கை போட்டு நொண்டிக்கிட்டே வந்துர்றேன். அதுல உங்க பேரும் கொஞ்சம் சரியாயிரும்." சரிண்ணே என்றேன்.

பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற மருந்துக் கடை ஒன்று திறந்திருந்தது. படி ஏறத் தொடை விடவில்லை, பக்கவாட்டில் திரும்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், கழுத்தில் மெடல் ஆடியது. கடைக்காரப் பெண் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு முதலில் பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்தாள். அது வேண்டாம் என்று கை காட்டினேன். வயிற்றைத் தடவிக் காட்டி மாத்திரை வாங்கினேன், பிறகு முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். உள்ளே போய் இரண்டு பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். ஒன்றில் இடது கால் படம், ஒன்றில் வலது கால் படம். தன் முழங்காலை மாற்றி மாற்றித் தட்டிக்காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். போனை எடுத்து அடித்தேன். சொல்லுங்க தம்பி என்றான், குரல் இப்போது நன்றாகவே தெளிந்திருந்தது.

"அண்ணே," என்றேன், "எந்தக் காலுன்னு சொன்னீங்க?"